ஆணியில் தொங்கிய மண்பை

சித்தியின் வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. காலண்டர் மாட்டுவதற்காகச் சித்தப்பா அடித்தது. ஆனால் ஆறு வருடமாக அதில் தொங்கியது ஒரு கருப்பு பாலித்தீன் பை. அதன் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தாள் சித்தி. மேலே வெள்ளை பெயிண்டில் ஒரு தேதி. உள்ளே இரண்டு கை மண், அவ்வளவுதான்.

"எல்லா வீட்டுலயும் தினம் ஒரு தேதி கிழிப்பாங்க. நம்ம வீட்டுல ஒரே தேதி, கிழியவே மாட்டேங்குது," என்பார் சித்தப்பா. அவர் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார்.

"கிழியும்போது கிழியும். நீங்க போய் டயரைப் பாருங்க," என்பாள் சித்தி.

அந்தப் பையைப் பற்றிச் சொன்னால்தான் சித்தியைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

சித்தி பழக்கன்று வளர்ப்பவள். பப்பாளி, கொய்யா, எலுமிச்சை, மாதுளை என்று விதை போட்டு, பையில் வளர்த்து, ஒரு முழம் வந்ததும் தோட்டக்காரர்களுக்கு விற்கும் வேலை. எங்கள் பக்கத்திலேயே பெரிய நர்சரியில் பதினோரு வருடம் இருந்தாள். பச்சை வலைக் கொட்டகை, அதற்குள் வரிசை வரிசையாகப் பைகள், ஓரத்தில் சிமெண்ட் தொட்டி, மின்விசிறி ஓடும் ஆபீஸ் அறை, அந்த அறைக்குள் முதலாளி. அங்கே சித்திக்குப் பெயர் 'சல்லடை'. எந்த மண்ணையும் மூன்று தடவை சலிக்காமல் பையில் போட மாட்டாள். "இவ வீட்டுல தண்ணியைக்கூட சலிச்சுதான் குடிப்பா போல," என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அதில் மரியாதையும் இருந்தது.

கன்றுக்குப் போடும் கலவையை அவள் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால், ஏதோ பெண் பார்க்கப் போனவள் மாதிரி இருக்கும். எளிதில் திருப்திப்பட மாட்டாள். தேங்காய் நார்க்கழிவு வந்தால் ஒரு வாளியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். உப்புக் கரித்தால் அது மறுபடியும் கழுவப் போய்விடும். உப்பு இருந்தால் இளம் வேர் தண்ணீர் குடிக்காது. மட்கிய உரம் வந்தால் கொஞ்சம் ஈரம் செய்து ஒரு பையில் அடைத்து மூன்று நாள் வைப்பாள். திறந்ததும் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். மூக்கைப் பொத்த வைத்தால் குவியலுக்கே திரும்பிப் போகும். கடைசியில் எல்லாவற்றையும் கலந்து, நனைத்து, ஒரு பிடி எடுத்துப் பிழிவாள். தண்ணீர் சொட்டினால் ஆகாது. கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனாலும் ஆகாது. உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ரசாயனம் போடாமல் பழம் விளைவிக்கும் ஒரு பெரிய தோட்டத்திலிருந்து மூவாயிரம் பப்பாளிக் கன்றுக்கு ஆர்டர் வந்தது. முதலாளி அவசரப்பட்டார். உரக்குவியல் இன்னும் மட்கி முடியவில்லை. சித்தி அதற்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனாள்.

"உள்ள இன்னும் சூடா இருக்கு முதலாளி. இன்னும் ஒரு மாசம் விடணும். இப்பப் போட்டா வேரைச் சாப்பிட்டுரும்."

முதலாளி தலையை நிமிர்த்தவில்லை. "நீ என்ன படிச்சவளா, எனக்குச் சொல்ல? போட்டு ரொப்பு."

ரொப்பினாள். விதை முளைத்தது. இரண்டு இலை விட்டது. பிறகு மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கருகி, மூவாயிரமும் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. தோட்டத்து மேனேஜரம்மா வந்து பார்த்தபோது முதலாளி சித்தியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"என்ன பண்றது மேடம், மண்ணு நல்ல மண்ணுதான். இவ கைதான் சரியில்ல. சில பேரு கை அப்படி. பட்டா கருகிடும்."

சித்தி வாயைத் திறக்குமுன் அடுத்த வார்த்தை வந்தது. "நின்னு வேடிக்கை பாக்காத. எல்லாத்தையும் நீயே கொட்டு. உன் கையால கருகினது, உன் கையாலயே போகட்டும்."

மூவாயிரம் பை. வாங்க வந்தவர்கள், கூட வேலை செய்தவர்கள், லாரிக்காரர் என்று அத்தனை பேரும் பார்க்க, சித்தி ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மதியம் ஆரம்பித்தது, சாயங்காலம் முடிந்தது. கடைசிப் பையை மட்டும் கவிழ்க்காமல் சேலைத் தலைப்பில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதுதான் ஆணியில் தொங்கியது.

அதற்குப் பிறகு அவள் பெயர் 'கருகுன கை' ஆகிவிட்டது. வேறு எந்த நர்சரியிலும் வேலை கிடைக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் வலை கட்டி நூறு பை, இருநூறு பை என்று சொந்தமாக வளர்த்தாள். கன்று கேட்டு வரும் பெண்கள் நன்றாகச் செழித்த செடியைக் கையில் வைத்துக்கொண்டே, "விதை போட்டது நீங்களா, இல்ல வேற யாராவதா?" என்று கேட்பார்கள். "நான்தான்," என்று சித்தி சொன்னால் பாதிப் பேர் மெதுவாகச் செடியைக் கீழே வைப்பார்கள். பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அப்படி ஒருவர் செடியைக் கீழே வைக்கும் போதெல்லாம் சித்தியின் கண் ஆணிப் பக்கம் போய்விட்டு வரும்.

அவள் விரும்பியது ஒன்றுதான். அதே இடத்தில், அதே மேனேஜரம்மா முன்னால், அந்த ஆள் தன் கையால் கொட்ட வேண்டும். சமையல் செய்யும்போதும் துணி துவைக்கும்போதும் இதைச் சாதாரணமாகச் சொல்லுவாள். ஏதோ மளிகைச் சாமான் வாங்க வேண்டும் என்பதுபோல.

இந்த வருட ஆரம்பத்தில் மேனேஜரம்மா சித்தியின் கொல்லைக்கு வந்தார். நின்றபடியே எல்லா வரிசையையும் பார்த்தார். "இந்தத் தடவை மூவாயிரத்தைப் பழைய இடத்துலயே கொடுத்திருக்கேன். உங்ககிட்ட ஒரு ஐநூறு. சும்மா பாக்கலாம்னுதான். பையில இருக்கிற மண்ணு, எரு எதுலயும் மருந்து வாடையே இருக்கக் கூடாது."

"ஐநூறு போதும்," என்றாள் சித்தி.

அந்த வாரமே எரு வண்டிக்காரர் வந்தார். மாட்டுப் பண்ணைகளிலிருந்து காய்ந்த சாணத்தை டிராக்டரில் ஏற்றி நர்சரிகளுக்குக் கொடுப்பவர் அவர். இரண்டு வருடம் மட்கிய, கருப்புத் தேயிலை மாதிரி உதிரும் எரு என்று ஒரு சாக்கு மாதிரிக்கு இறக்கினார். சித்தி முகர்ந்தாள். வாசனை சரி. பிழிந்தாள். அதுவும் சரி. ஆனாலும் லோடு எடுக்கவில்லை. புது எரு எது வந்தாலும் அதில் அவரை விதை போட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். அவரை சீக்கிரம் முளைக்கும், மண்ணில் உள்ள கெட்டதை முதலில் சொல்லிவிடும்.

பதினைந்து நாளில் அவரை சொன்னது. முதல் இரண்டு இலை விரியாமல் முஷ்டி மாதிரி மூடிக்கொண்டு நின்றது. அடுத்த இலை வால் மாதிரி நீண்டு முறுக்கியது. பக்கத்தில் தன் பழைய எருவில் போட்ட அவரை உள்ளங்கை மாதிரி விரிந்திருந்தது.

வண்டிக்காரர் மறுபடி வந்தபோது சித்தி கேட்டாள். "அந்தப் பண்ணையில மாட்டுக்கு என்ன போடறாங்க?"

"புல்லுதான்க்கா. பெரிய புல்லுக்காடு. நடுவுல முள்ளு, களை எதுவும் வராம மருந்து அடிச்சு சுத்தமா வெச்சிருப்பாங்க."

சித்திக்கு விளங்கிவிட்டது. அந்தக் களைமருந்து புல்லைக் கொல்லாது, தின்ற மாட்டையும் ஒன்றும் செய்யாது. ஆனால் சாணத்தோடு வெளியே வந்து, வருடக்கணக்கில் மட்கினாலும் போகாமல் உட்கார்ந்திருக்கும். அகன்ற இலைச் செடி எது வளர்ந்தாலும் அதை முறுக்கிவிடும். பப்பாளியையும் விடாது.

"எனக்கு வேண்டாம்," என்றாள்.

"ஏன்க்கா? இந்த மாதிரி எரு கெடைக்காது."

"அவரை இலை சுருங்குது."

வண்டிக்காரர் சிரித்தார். "நீங்க வளக்கிறது பப்பாளி. அவரை எதுக்குக்கா? கூட்டு வைக்கவா?" டிராக்டரில் ஏறிக்கொண்டே கேட்டார். "அப்ப உங்க பழைய இடத்துல கேக்கட்டுமா? அவருக்கு இப்ப எரு தேவைப்படுதாம்."

சித்தி திரும்பி ஆணியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "கேளுங்க. பாக்க நல்லாதான் இருக்கு. வாங்குவாரு."

அன்று சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அவளே சொன்னாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்ல?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி போயி ஒரு வார்த்தை சொன்னேன்."

"அது சரி. ஆனா..."

"சாப்பிடுங்க."

முதலாளி எருவை எடுத்தார். மூவாயிரம் பையில் போட்டார். அந்த மாதம் முழுவதும் சித்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததை எங்கள் வீட்டில் எல்லோரும் கவனித்தோம். அவள் பாடி நாங்கள் கேட்டதே இல்லை. தன் ஐநூறு பப்பாளிக்கும் தினமும் பெயர் கூப்பிடாத குறையாகப் பேசினாள். "நீங்க நல்லா நில்லுங்கடா. அங்க ஒருத்தருக்கு முறுக்கிக்கிட்டு இருக்கும்."

நாலாவது வாரம் ஊசி வந்தாள். சித்திக்குப் பிறகு நர்சரியில் அந்த வேலைக்குச் சேர்ந்தவள். ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு குழந்தை. சித்தியோடு முன்பின் அதிகம் பழக்கமில்லை. கொல்லை வாசலில் நின்று அழுதாள்.

"அக்கா, கன்னு எல்லாம் இலை சுருங்குது. வேப்பெண்ணெய் அடிச்சேன், தண்ணியைக் கொறைச்சேன், ஒண்ணும் கேக்கல. முதலாளி என் கைதான் காரணம்ங்கறாரு. மேடம் வர்ற அன்னிக்கு என்னையே முன்னாடி நிறுத்தப் போறாராம். உங்களுக்கும் இப்படித்தான் ஆச்சாமே? அதான் வந்தேன். நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

சித்தி கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த ஆள் மீது குறிவைத்து எறிந்த கல், அவருக்கு முன்னால் நின்றவள் மீது விழப்போகிறது. அவர் எப்போதும் யாரையாவது முன்னால் நிறுத்திக்கொள்வார் என்பது உலகத்திலேயே சித்திக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தாள்.

ஊசி போனதும் சித்தப்பா சொன்னார். "இப்பவாவது போயி சொல்லு."

"இப்பச் சொன்னா என்ன ஆகும்? யாருக்கும் தெரியாம கொட்டிட்டு, வேற எங்கயாவது கன்னு வாங்கி வெச்சிருவாரு. மேடத்துகிட்ட வேலைக்காரி கெடுத்துட்டான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. அவ பேரு போனது போனதுதான்." பூவாளியை எடுத்துக்கொண்டே, "விட மாட்டேன்," என்றாள். "ஆனா அவளை நிக்க விடவும் மாட்டேன்."

மறுநாள் ஊசியின் வீட்டுக்கே போனாள். எட்டுச் சின்னத் தொட்டி. நாலில் நர்சரிக் கொட்டகையிலிருந்து ஊசியே அள்ளி வந்த மண். நாலில் சித்தியின் மண். ஒரே பாக்கெட் அவரை விதை. சித்தி தொடவே இல்லை. விதை போட்டதும் தண்ணீர் விட்டதும் ஊசி. கூட வேலை செய்யும் மூன்று பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தொட்டியில் தேதி எழுதினார்கள்.

"இது என்னக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க செய்யற மாதிரி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா. உங்க முதலாளிக்குப் பாடம்," என்றாள் சித்தி.

எங்கள் பக்கத்தில் கன்று வாங்க வருகிறவர்கள் ஒப்புக்கொள்ளுமுன் தங்களுக்குப் பிடித்த ஐந்து பையைத் தேர்ந்தெடுத்துக் கிழித்து, வேரைப் பார்ப்பது வழக்கம். பை கிழிக்கிற நாள் என்பார்கள். அக்கம்பக்கத்து நர்சரிக்காரர்களும் வந்து நின்று பார்ப்பார்கள். சித்தியின் ஐநூறு கன்றையும் அன்று அங்கேயே கொண்டுவரச் சொல்லியிருந்தார் மேனேஜரம்மா, லாரி ஒரே இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. சித்தி அதை எடுத்துப்போக எரு வண்டிக்காரரின் டிராக்டரையே கூப்பிட்டாள். வேண்டுமென்றேதான்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கேட்டுக்குள் நுழைந்தாள். கன்று இறக்க நானும் கூடப் போனேன். இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பையும் இருந்தது. ஆணியிலிருந்து இறக்கியது.

மேனேஜரம்மா முதலில் சித்தியின் ஐந்து பையைக் கிழித்தார். வேர் வெள்ளையாக, பையின் வடிவத்துக்கே வலை மாதிரி பின்னியிருந்தது. அடுத்து முதலாளியின் வரிசைக்குப் போனார். முன்வரிசையில் ஓரளவு தேறிய கன்றுகளை அடுக்கியிருந்தார்கள். மேனேஜரம்மா நேராகப் பின்வரிசைக்கு நடந்தார். அங்கே மற்ற கன்றுகள் எல்லாம் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றன.

"என்னங்க இது?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "அதை ஏன் மேடம் கேக்கறீங்க. மண்ணு நல்ல மண்ணுதான். இந்தப் பொண்ணு கைதான் சரியில்ல. இங்க வாம்மா, முன்னாடி வா."

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. சித்தி பின்னாலிருந்து சொன்னாள். "போ ஊசி. முன்னாடி போ. கையில இருக்கறதை எடுத்துட்டுப் போ."

ஊசி எட்டுத் தொட்டியையும் ஒரு தகரத் தட்டில் கொண்டுபோய் மேனேஜரம்மாவின் காலடியில் வைத்தாள். நாலு தொட்டியில் அவரை இலை விரிந்திருந்தது. நாலில் முறுக்கியிருந்தது.

"எல்லாம் நான் போட்ட விதைதான் மேடம். நான் ஊத்தின தண்ணிதான்," என்றாள். "இந்த நாலு இவங்க கொட்டகை மண்ணு. இந்த நாலு சல்லடை அக்கா வீட்டு மண்ணு."

மூன்று பெண்களும் ஆமாம் என்றார்கள். மேனேஜரம்மா முறுக்கிய அவரையையும் முறுக்கிய பப்பாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "எரு எங்க வாங்கினீங்க?"

முதலாளி பதில் சொல்லுமுன் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் கை தூக்கினார். "நான்தாங்க கொண்டு வந்தேன். புல்லுக்கு மருந்து அடிக்கிற பண்ணைச் சாணம். இந்தக்கா அவரை போட்டுப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. இவரு உடனே எடுத்துக்கிட்டாரு."

முதலாளி சித்தி பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஏழு வாரமா தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சித்தி இந்தக் கேள்விக்காகத்தான் ஆறு வருடம் காத்திருந்தாள் என்று தோன்றியது. அவசரமே படவில்லை. "நான் என்ன படிச்சவளா முதலாளி, உங்களுக்குச் சொல்ல?"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பழைய நாள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சித்தியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார். "இதுல ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. இன்னிக்கே எல்லாப் பையும் காலியாகணும். நாளைக்குக் கொய்யா எடுக்க வருவேன், அப்பப் பாப்பேன்."

முதலாளி ஊசியைக் கூப்பிட வாயெடுத்தார்.

"அந்தப் பொண்ணு தொட வேண்டாம்," என்றார் மேனேஜரம்மா. "அவ கை சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதலாளி மற்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்க கையும் அவ்வளவு சரியில்ல முதலாளி."

"எனக்கு ரெண்டு நாளா விரலெல்லாம் கருகுது," என்றாள் இன்னொருத்தி.

அவர் குனிந்தார். முதல் பையைக் கவிழ்த்தார்.

சித்தி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஆபீஸ் மின்விசிறிக்குப் பழகிய முதுகு நூறு பைக்குள் பிடித்துக்கொண்டது. அவர் நிமிரும்போதெல்லாம் சித்தி அங்கேயே இருந்தாள். லாரி போனது, பக்கத்து நர்சரிக்காரர்கள் போனார்கள், டீ வந்தது. சித்தி டீ குடித்தபடி பார்த்தாள். சாயங்காலம் கடைசி வரிசை முடிந்ததும் எழுந்துபோய், இடுப்பிலிருந்த பையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது ஒண்ணு பாக்கி இருந்துச்சு. இதையும் கொட்டிருங்க."

அவர் மேலே எழுதியிருந்த தேதியைப் படித்தார். சணலை அவிழ்க்க விரல் வளையவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துக் கொட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் சித்திக்கு நிறைவாக இருந்திருக்கும். ஆனால் கேட்டுக்கு வெளியே ஊசி காத்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று சித்தி நினைத்தாள்.

"அக்கா, ஏழு வாரமாத் தெரியும்னீங்களே," என்றாள் ஊசி. "அப்ப நான் உங்க வீட்டு வாசல்ல வந்து அழுதப்பவும் தெரியும். அதுக்கு முன்னாடி, எருவே வந்து எறங்காத அன்னிக்கும் தெரியும்."

சித்தி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"இலை சுருங்க ஆரம்பிச்சதுலேருந்து நான் தூங்கலக்கா. என் கையை நானே மூஞ்சிக்கு நேரா வெச்சுப் பாத்துட்டே படுத்திருப்பேன்." சொல்லிவிட்டு, அவரைத் தொட்டிகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வெறும் தகரத் தட்டோடு போய்விட்டாள்.

இப்போது சித்தியிடம் கன்று வாங்க வருகிறவர்கள், "நீங்களே விதை போட்டதுதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குகிறார்கள். அடுத்த ஆர்டர் முழுவதும் அவளுக்குத்தான். முதலாளியைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் அவள் முகத்தில் ஒரு பளபளப்பு வருகிறது. அந்தச் சாயங்காலத்தை எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுவாள். பல்லால் கடித்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லுவாள். இரக்கமெல்லாம் இல்லை.

காலியான ஆணியில் சித்தப்பா ஆசையாக ஒரு காலண்டர் மாட்டினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலண்டர் கதவுக்குப் பின்னால் போய்விட்டது, ஆணியில் மறுபடியும் ஒரு கருப்புப் பை. புதுத் தேதி. ஊசி விட்டுப்போன அவரைத் தொட்டி மண்.

"இது என்னடி? அதான் அந்த ஆளு கொட்டிட்டானே. இன்னும் யாரு கொட்டணும்?" என்றார் சித்தப்பா.

"இது அவருக்கு இல்ல, எனக்கு," என்றாள் சித்தி. வெளியே போய்ச் சல்லடையை எடுத்தாள்.